எடைமேடையில் ஒரு கப்பல் விருந்து

எரியோட்டு ஆவுடையப்பன் சொன்ன இந்தச் சங்கதியை இதை எழுதுகிறவன் பல வருஷமாக நம்பவில்லை. நம்பாததற்குச் சரியான காரணமும் இல்லை. கடலுக்கும் திண்டுக்கல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒருநாள் தோன்றும். சர்க்கார் தீர்மானித்துவிட்டால் கடல் என்ன செய்யும், வந்துதானே ஆக வேண்டும் என்று மறுநாள் தோன்றும். இன்னும் கொஞ்சம் யோசித்தால் வேறொன்று உறுத்தும். இதே கதையை இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே தலையாட்டியிருப்போமோ? நம்பாதது கதையையா, சொன்ன ஆளையா? விடை கிடைக்காததால், அவர் சொன்னபடியே சொல்லிவிடுவது என்று முடிவு. சந்தேகப்படுகிறவர்கள் அவரவர் சௌகரியம்போலச் சந்தேகப்பட்டுக்கொள்ளலாம்.

எரியோட்டுக்கு மேற்கே ஆவுடையப்பனுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் இருந்தது. வெங்காயமும் தக்காளியும் போடுவார். கிணறு ஒன்று, கமலை கட்டித் தண்ணீர் இழுக்க மாடு இரண்டு. அதில் வலத்து மாடு வயதானது. பாதி இறைப்பில் நின்று, பென்ஷன் கேட்பது போல அவரைத் திரும்பிப் பார்க்கும். சித்திரை மாதம் வந்தால் தண்ணீர் நாற்பதடிக்குக் கீழே போய்விடும். அப்போது இறைக்கிற தண்ணீரைவிட மாட்டுக்கும் ஆளுக்கும் வடிகிற வேர்வை அதிகம்.

ஐம்பத்து நாலாம் வருஷம் அந்தப் பக்கம் மின்சாரக் கம்பி வந்தது. வந்த கம்பி பக்கத்துத் தோட்டத்து ஆண்டிச்சாமியின் கிணற்றோடு நின்றுவிட்டது. இன்னும் இரண்டே கம்பம் நட்டால் ஆவுடையப்பன் கிணற்றுக்கு வந்துவிடும். ஆண்டிச்சாமியின் மோட்டார் ஓடும் சத்தத்தை வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டுக் கல்யாண மேளத்தை, அழைப்பில்லாதவன் கேட்பது மாதிரி.

அந்த இரண்டு கம்பத்துக்காகத் திண்டுக்கல்லில் இருந்த அபிவிருத்தி அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார். "மகா கனம் பொருந்திய அபிவிருத்தி அதிகாரி அவர்களின் மேலான சமூகத்துக்கு" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடிகிற மனு. நடுவில் கம்பம் பற்றியும் ஒரு வரி இருந்தது. மனு மேலான சமூகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் கீழே வரவில்லை.

ஆவுடையப்பன்தான் போய்க்கொண்டிருந்தார். ஹெட்கிளார்க் இருதயநாதன் நல்ல மனிதர். யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்ப மாட்டார்.

"வாங்க ஆவுடையப்பன். உங்க மனு பரிசீலனையில இருக்கு."

"போன மாசமும் அங்கனதான்யா இருந்துச்சு."

"போன மாசம் பரிசீலனை. இந்த மாசம் தீவிர பரிசீலனை. முன்னேற்றமே இல்லேங்கிறீங்களா?"

முன்னேற்றம் இல்லை என்று அபிவிருத்தி அலுவலகத்திலேயே எப்படிச் சொல்வது? வருகைப் பதிவேட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்.

இப்படி மூன்று வருஷம் போனது. ஐம்பத்தேழு தை மாதம் அவருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. கம்பம் வந்துவிட்டது என்று அவர் பெண்டாட்டி கருப்பாயி, சாமி விளக்கில் எண்ணெய் விட்டாள். கடிதத்தை ஊர் வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார்கள். மேல்நாட்டுக் காய்கறிச் சாகுபடியை நேரில் கண்டறிவதற்காக இவ்வட்டாரத்திலிருந்து எட்டு விவசாயிகள் கப்பல் மார்க்கமாக அனுப்பப்பட இருக்கிறார்கள் என்றும், அன்னாரில் ஒருவராகத் தாங்கள் தெரிவு செய்யப்பட்டிருப்பது குறித்துத் தாங்கள் மகிழ்ச்சியடைய வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

கருப்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கம்பம் கேட்டா கப்பல் குடுக்குறாகளா? ஏய்யா, அந்தக் கப்பலை நம்ம கெணத்துல எறக்கித் தண்ணி எறைக்கலாமான்னு கேட்டுட்டு வா."

வேண்டாம் என்று சொல்லத்தான் ஆவுடையப்பன் திண்டுக்கல் போனார்.

"என்னைய எதுக்குய்யா எடுத்தீக? நான் பழனிக்கே நடந்துதான் போயிருக்கேன்."

இருதயநாதன் வருகைப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். "முன்னேற்றத்துல ரொம்ப ஆர்வம் உள்ள விவசாயி யாருன்னு மேலேருந்து கேட்டாங்க. இந்த ஆபீசுக்கு யார் அதிகமா வந்திருக்காங்கன்னு பாத்தோம். நீங்க நாப்பத்தோரு தடவை வந்திருக்கீங்க. உங்களை மிஞ்ச ஆள் இல்லை."

"நான் கம்பத்துக்கு வந்தேன்யா."

"எதுக்கு வந்தீங்கன்னு எழுத இதுல பத்தி இல்லையே."

ஆவுடையப்பன் எழுந்தார். இருதயநாதன் குரலைத் தாழ்த்தினார். போய் வந்தவர்களுக்கு 'மாதிரி விவசாயி' என்று பட்டம் உண்டு. மாதிரி விவசாயி தோட்டத்துக்கு மூன்றே மாதத்தில் கம்பம் நட வேண்டும் என்று தனி உத்தரவு இருக்கிறது. சாதாரண விவசாயியின் மனுதான் பரிசீலனைக்குப் போகும். மாதிரி விவசாயிக்கு மனுவே வேண்டியதில்லை.

ஆவுடையப்பன் மறுபடி உட்கார்ந்தார். "எப்பய்யா கப்பல்?"

கப்பலுக்கு முன்னால் ஒரு தேர்வு இருந்தது. அதற்கு முந்தின வருஷம் எங்கோ ஒரு மாகாணத்திலிருந்து கப்பலில் போன ஒரு குழுவில், மாலுமித் தலைவர் கொடுத்த விசேஷ விருந்தில், கை கழுவ வைத்த எலுமிச்சைத் தண்ணீரை ஒரு பெரியவர் குடித்துவிட்டாராம். உப்புப் பத்தவில்லை என்றும் சொல்லிவிட்டாராம். நாட்டின் மானம் நடுக்கடலில் போனது. ஆகையால் இனிமேல் கப்பலேறுகிற ஒவ்வொருவரும் புறப்படுமுன் ஒரு மாதிரிக் கப்பல் விருந்தில் உட்கார்ந்து, பரிசோதகர் முன்னிலையில் முறைப்படி சாப்பிட்டு, தேர்ச்சிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

மாசி மாதம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டை முன்னிட்டுப் பயணம் ரத்து.

ஆவுடையப்பன் மறுபடி ஓடினார். இந்தத் தடவை அவரை அபிவிருத்தி அதிகாரி பொன்னுத்துரையே கூப்பிட்டுப் பேசினார். பி.ஏ. படித்தவர். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கேட்பதற்கு முன்னும் கழற்றுவார்.

"கப்பலே போகலேன்னா விருந்து எதுக்குங்கய்யா?"

"பயணம் ரத்துன்னு போட்டிருக்கு. விருந்து ரத்துன்னு எந்த வரியில போட்டிருக்கு?"

"பயணம் இல்லாம பட்டம் எப்பிடிய்யா தருவீக?"

"சான்றிதழ் பெற்றவர் மாதிரி விவசாயி. இது விதி. பயணம் போனவர்னு விதியில இல்லை. நீங்க சாப்பிட்டா போதும். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள சாப்பிடணும். அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு நல்லா சாப்பிட்டாலும் செல்லாது."

ஆவுடையப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். உழைத்துக் கம்பம் கிடைக்கவில்லை. நடந்து கிடைக்கவில்லை. சாப்பிட்டுக் கிடைக்கும் என்றால் சாப்பிட்டுப் பார்ப்பதில் என்ன குறை?

விருந்து கப்பலில் நடக்க வேண்டும் என்பது விதி. கடற்கரைக்கு எட்டுப் பேரையும் அழைத்துப் போகலாம் என்றால் பயணப்படிக்கு உத்தரவு இல்லை, பயணம்தான் ரத்தாகிவிட்டதே. ஆகவே கப்பலைத் திண்டுக்கல்லுக்கு வரவழைப்பது என்று தீர்மானமாயிற்று. 'கப்பல் என்பது ஆடும் தளமும், சுற்றிலும் நீரும் உடையது' என்று பொன்னுத்துரை ஒரு அகராதியிலிருந்து குறிப்பெடுத்துக் கோப்பில் வைத்தார். ஆடும் தளம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. காய்கறிச் சந்தையில் பாரவண்டிகளை ஏற்றி எடை போடுகிற மேடை. இரும்புப் பலகை, அடியில் தேய்ந்த அச்சு. ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டாலும் செத்த நேரம் தள்ளாடிவிட்டுத்தான் நிற்கும். அதன்மேல் பந்தல் போட்டார்கள். பக்கவாட்டில் தகரத்தை வட்டமாக வெட்டி ஜன்னல் வைத்தார்கள்.

சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. திண்டுக்கல்லில் அந்த வருஷம் குடத்துக்குக் குடம் சண்டை. தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, மண் உறிஞ்சி, மறுபடி விழுவதை ஆவுடையப்பன் கரையில் நின்று பார்த்தார். அவருடைய வெங்காயம் அன்றைக்கு நாலாவது நாளாகக் காய்ந்து கிடந்தது.

"இந்தத் தண்ணியைப் பொறவு என்னய்யா செய்வீக?" என்று கேட்டார்.

"கடல் தண்ணியை என்ன செய்ய முடியும்?" என்றார் இருதயநாதன்.

விருந்து முறையைக் கற்றுக்கொடுக்க ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பிரியாணிக் கடை நைனா முகமது. வாலிபத்தில் ரங்கூன் கப்பலில் அடுப்படி வேலை பார்த்தவர். பெரிய விருந்துகளை அவர் கண்ணால் பார்த்ததுண்டு, அடுப்படிக் கதவு இடுக்கு வழியாக.

"வலது கையில கத்தி, இடது கையில முள்ளு" என்று தொடங்கினார்.

"இடது கையிலயா? சாப்பாட்டையா?" என்றார் ஆண்டிச்சாமி. அவருக்கு ஏற்கனவே கம்பம் இருந்தது. ஆனாலும் ஆவுடையப்பன் போகிற இடத்துக்குத் தானும் போகாவிட்டால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று, எட்டுப் பேரில் ஒருவராக எப்படியோ பெயரைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"முள்ளுதான் தொடும், கை தொடாதுங்க."

"முள்ளைக் கை தொடுமில்ல அப்பு?"

நைனா முகமது தாடியைத் தடவினார். "கப்பல்ல யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க. கேட்டிருந்தா கப்பல் ரங்கூன் போயிருக்காது."

ஆவுடையப்பன் மட்டும் விவாதத்தில் சேரவில்லை. வீட்டில் அருவாமனைத் துண்டை வலது கையிலும், வைக்கோல் கிளறுகிற சிறு கவையை இடது கையிலும் பிடித்துப் பூசணிக்காயை வெட்டி வெட்டிப் பழகினார். கருப்பாயி பார்த்துக்கொண்டே கூழைக் குடித்தாள். "கம்பம் வரட்டும். அதுக்குள்ள பூசணி மிஞ்சுனாச் சரி" என்றாள்.

நைனா முகமது இன்னொன்றும் சொன்னார். அதுதான் காரியத்தைக் கெடுத்தது. "ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால வெள்ளை உடுப்புல ஒரு ஆள் நிக்கணும். அசையக் கூடாது. சாப்பிடுறவங்க தட்டையே பாத்துக்கிட்டு நிக்கணும்." பொன்னுத்துரை உடனே உத்தரவு போட்டார். அலுவலகத்தில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த எட்டு பியூன்களும் வெள்ளை உடுப்பில் வர வேண்டியது. பணி நிரந்தரமாகும் என்று ஆறு வருஷமாகக் காத்திருந்தவர்கள். நிற்பதில் பழக்கம் உண்டு.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குக் கப்பல் புறப்பட்டது.

பொன்னுத்துரை மாலுமித் தலைவர். ரயில்வே கார்டு ஒருவரிடம் இரவல் வாங்கிய தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. அவருக்கு எதிர்ப்புறம், மேஜையின் மறு தலையில், சென்னையிலிருந்து வந்த பரிசோதகர். இரண்டு பக்கமும் எட்டு விவசாயிகள். ஒவ்வொருவர் முன்னாலும் நாலு கரண்டி, மூன்று கத்தி, ஒரு நம்பர் சீட்டு. ஆவுடையப்பன் ஒன்றாம் நம்பர். சந்தை இரைச்சல் கேட்காமலிருக்க, கரையில் ஒருவர் சங்கு ஊதினார்.

"கனவான்களே, நாம் இப்போது நடுக்கடலில் இருக்கிறோம்" என்றார் பொன்னுத்துரை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

சூப் வந்தது. யாரும் தொடவில்லை. எந்தக் கரண்டியை எடுப்பது என்று பொன்னுத்துரை பரிசோதகரின் கையைப் பார்த்தார். பரிசோதகர் பொன்னுத்துரையின் கையைப் பார்த்தார். இருவரும் மரியாதையாகப் புன்னகை செய்துகொண்டார்கள். சூப்பின்மேல் ஆடை படிந்தது. கடைசியில் நைனா முகமது கரையிலிருந்து இருமி, ஒரு வட்டக் கரண்டியை உயர்த்திக் காட்டினார். பத்துக் கைகளும் ஒரே சமயத்தில் இறங்கின. மேடை ஆடியது.

ஆவுடையப்பன் சத்தமில்லாமல் குடித்தார். கரண்டியைத் தட்டுக்கு வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பரிசோதகர் தாளில் ஏதோ குறித்தார். கம்பம் கிட்டத்தில் வந்துவிட்டது என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஒரு வயிறு இரைவது கேட்டது.

இருளப்பன் என்ற பியூன். காலையிலிருந்து பந்தல் வேலை. மத்தியானம் சாப்பிடவில்லை. உத்தரவுப்படி, ஆவுடையப்பனின் தட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆவுடையப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். நம் பக்கத்துப் பந்தியில் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த பந்திக்கு ஆள் தயார். நீ சீக்கிரம் எழுந்திரு. அதற்குமேல் உட்கார்ந்து மோர் கேட்கிறவனை ஊர் பத்து வருஷம் மறக்காது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கம்பத்தை நினைத்தார். வலத்து மாட்டை நினைத்தார். வயிறு மறுபடி இரைந்தது.

எழுந்துவிட்டார்.

"நமக்கு ஆச்சு. நீங்க உக்காருங்க அப்பு."

"ஐயா, நான் உக்காரக் கூடாதுங்க" என்றான் இருளப்பன்.

"நல்லாருக்கே! பசிச்ச ஆளை நிக்கவச்சுத் திங்க நான் என்ன ராட்சசனா? உக்காருங்கன்னா." தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

பந்தியில் ஒருவர் எழுந்தபின் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. ஆண்டிச்சாமி எழுந்தார். வரிசையாக எட்டுப் பேரும் எழுந்து, எட்டு பியூன்களையும் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆறு வருஷமாக யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று பழகிய பியூன்கள், "சரிங்க" என்று உட்கார்ந்தார்கள்.

பொன்னுத்துரை பாதி எழுந்தார். பரிசோதகரும் பாதி எழுந்தார். இது கப்பல் முறையா, இல்லையா? தவறு என்று சொன்னால், இவ்வளவு ஏற்பாடு செய்தவருக்கு முறை தெரியாது என்று ஆகிவிடும். பொன்னுத்துரை கண்ணாடியைக் கழற்றினார்.

"சூப்புக்குப் பின் இட மாற்றம்" என்று மெல்லச் சொன்னார்.

"ஆமாம், ஆமாம். பெரிய கப்பல்களில் அப்படித்தான்" என்றார் பரிசோதகர். அவரும் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருந்தார்.

இருதயநாதன் கரையில் நைனா முகமதுவின் காதில் கேட்டார். "பாய், இப்படி உண்டா?"

"இடுக்கு வழியாப் பாத்ததுல இது தெரியலீங்க" என்றார் அவர்.

அதற்கப்புறம் நடந்ததை எந்தக் கப்பலும் கண்டிருக்காது. விரால் மீன் வந்தது. கோழி வந்தது. ஆட்டுத்தொடை வந்தது. டிராவலர்ஸ் பங்களாவில் துரைமார்களுக்குப் பரிமாறிய கைகள் அந்த பியூன்களுடையவை. எந்தக் கத்தி எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான். எதையும் வெட்டித் தின்னத்தான் இதுவரை கிடைத்ததில்லை. கிடைத்ததும் வெண்ணெயாய் வெட்டினார்கள். எலுமிச்சைத் தண்ணீரில் விரல் நுனியை மட்டும் நனைத்தார்கள்.

நின்றவர்களோ, கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துப் பழகியவர்கள். தட்டுக் காலியாகுமுன் கை நீளும். "வெஞ்சனம் தொடவேயில்லையே! ஏலே, இங்கிட்டு இன்னொரு துண்டு! கூச்சப்படாதீக. இம்புட்டுப் போதுமா? சும்மா சாப்பிடுங்க அப்பு!" ஒரு பியூன் எழப் பார்த்தான். ஆண்டிச்சாமி அமுக்கிவிட்டார். "பாதியில எந்திரிச்சா வீட்டுக்காரனுக்கு அவமானம்ல?"

ஆவுடையப்பன் முகத்தில் வேர்வை. கம்பத்தை அவர் மறந்தே போய்விட்டார். வாழ்க்கையிலேயே அவ்வளவு மனம் நிறைந்து அவர் பரிமாறியதில்லை.

மேடையின் எடை காட்டுகிற முள்ளைப் பார்த்து, விருந்துக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைப் பரிசோதகர் குறித்துக்கொண்டார். 'உட்கொண்ட அளவு திருப்திகரம்.'

பத்து நாளில் முடிவு வந்தது. மதிப்பெண் பெயருக்கு இல்லை, நாற்காலி நம்பருக்கு. ஒன்று முதல் எட்டு வரை நாற்காலிகளில் விருந்தை நிறைவு செய்த எட்டுப் பேரும் முதல் வகுப்பில் தேர்ச்சி. பின்னால் நின்று பரிமாறியவர்களைப் பற்றியும் பரிசோதகர் விசேஷமாக எழுதியிருந்தார். 'இத்துணை பரிவும் கடமை உணர்ச்சியும் கொண்ட கடைநிலை ஊழியர்களை நான் எங்கும் கண்டதில்லை. இவர்களை இனியும் தற்காலிகமாக வைத்திருப்பது அநீதி. உடனே நிரந்தரப்படுத்தச் சிபாரிசு செய்கிறேன்.'

சிபாரிசு மேலே போய் உத்தரவாக இறங்கியது.

ஆவுடையப்பன் பொன்னுத்துரையின் மேஜைமுன் நின்றார். "தப்பாயிருச்சுங்கய்யா. நான் விவசாயி. பியூன் அவுக."

"அறிக்கையில பரிசோதகர் கையெழுத்துப் போட்டாச்சு. திருத்த முடியாது."

"நெசம் வேறயில்லீங்களா?"

"அதைத் திருத்தலாம்" என்றார் பொன்னுத்துரை. "நீங்க திங்கட்கிழமை வேலையில சேர்ந்துட்டா நிஜமும் அறிக்கையும் ஒண்ணாயிடும்."

இப்படியாக எட்டு பியூன்கள் மாதிரி விவசாயிகள் ஆனார்கள். எட்டு விவசாயிகள் பியூன்கள் ஆனார்கள். தனி உத்தரவின்படி மூன்றே மாதத்தில் இருளப்பனுக்குக் கம்பம் நட்டார்கள். அவனுக்குத் தோட்டமும் இல்லை, கிணறும் இல்லை. திண்டுக்கல்லில் ஒற்றை அறை வாடகை வீடு. அதன் வாசலை மறைத்துக்கொண்டு இரண்டு கம்பம் நின்றது. அவன் ஒன்றில் ஆட்டைக் கட்டினான். மற்றொன்றிலிருந்து கொடி கட்டித் துணி காயப்போட்டான். மாதிரி விவசாயி வீட்டைப் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வந்து போனார்கள். ஆடு நன்றாக வளர்ந்திருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆவுடையப்பன் சேர மாட்டேன் என்றுதான் இருந்தார். ஆண்டிச்சாமிதான் வரப்பில் வந்து உட்கார்ந்து புத்தி சொன்னார்.

"கிறுக்கா உனக்கு? மூணு வருசமா அந்த மனுவை எவனாவது எடுத்து மேசையில வைப்பானான்னுதான அலைஞ்ச? இப்ப வைக்கிற வேலையே உனக்குத்தான்டா குடுத்திருக்கான்!"

கருப்பாயியின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "மாட்டை நான் பாத்துக்கிறேன். நீ போய்யா. உள்ள போயிட்டா ஒரு வாரம். அம்புட்டுத்தான்."

சேர்ந்தார். காக்கி உடுப்பு, தோளில் பட்டை, அலுவலக வாசலில் ஒரு ஸ்டூல். வருகிறவர்களை நிறுத்தி விசாரிப்பது, கோப்பு அறையிலிருந்து மனுக் கட்டுகளை எடுத்து அதிகாரியின் மேஜையில் வைப்பது, இவ்வளவுதான் வேலை. அலுவலகம் முழுவதற்கும் அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான். மற்ற ஏழு பேரையும் வேறு வேறு ஊருக்குப் போட்டுவிட்டார்கள். அவருடைய மனு மூன்றாவது அலமாரியில், கீழ்த்தட்டில், சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டில் இருந்தது. முதல் நாளே பார்த்துவிட்டார்.

இதுவரைக்கும் ஆவுடையப்பன் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். சூப் குடித்ததை நடித்தே காட்டுவார். அலுவலகத்துக்கு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் எத்தனையோ தடவை இதை எழுதுகிறவன் உட்பட நாலைந்து பேர் கேட்டுச் சிரித்திருக்கிறோம். மிச்சத்தைப் பெருமூச்சு விட்டுச் சுருக்கமாக முடித்துவிடுவார்.

"அப்புறம் என்ன, கம்பம் வர ஏழு வருசம் ஆயிப்போச்சு. அறுபத்து நாலுல வந்துச்சு. அதுக்குள்ள வலத்து மாடு செத்துப்போச்சு. மாட்டுக்குப் பதிலா கருப்பாயியே ஒரு பக்கம் கயித்தைப் பிடிச்சு இழுத்தா. பாவம், மாசம் ஒரு தடவை பஸ் ஏறி ஆபீசுக்கும் வருவா. பரிசீலனையில இருக்கு, நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சிருவாங்க. சர்க்கார் காரியம் அப்பிடி. நாம என்ன செய்ய முடியும்?"

சர்க்காரை நினைத்து எல்லோரும் உச்சுக் கொட்டுவோம். டீ ஆறிப்போகும். எழுந்து வந்துவிடுவோம்.

சங்கு ஊதியது நிஜமா, தொப்பி கார்டுடையதா என்றெல்லாம் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, வருஷங்களை வீணாக்கியாகிவிட்டது. அந்தக் கடைசி நாலு வரியை யாரும் சந்தேகப்படவில்லை. அது எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயமாக இருந்தது. ஒரு கேள்வி மட்டும் இதை எழுதுகிறவன் நாக்கு நுனியில் கொஞ்ச காலமாக நின்றது. அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டதில் அதற்கும் ஐந்து வருஷம் ஆனது.

போன மாதம், பெஞ்சில் வேறு யாரும் இல்லை. ஆவுடையப்பன் கதையை முடித்து, பெருமூச்சு விட்டு, டீயை ஒரு வாய் குடித்தார்.

"அண்ணே," என்று கேட்டாகிவிட்டது, "மதினி பஸ் ஏறி வந்தப்பல்லாம், ஆபீஸ் வாசல்ல நிறுத்தி, 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லி அனுப்பிச்சது யாரு?"